பௌர்ணமிக்குக் கார்ல வர்றியா? முதல்ல வாட்டர் பம்ப்பைப் பாரு

தங்கச்சி, சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியா வர்ற வரைக்கும் உன் கார் ஒரு குறையும் காட்டாது. திருவண்ணாமலைக்குள்ள நுழையற இடத்துலதான் அதுக்குப் பரீட்சை. பௌர்ணமி அன்னைக்கு 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க ஜனம் நடக்கும். அதோட சேர்ற ரோடு எல்லாத்துலயும் வண்டிங்க ஊர்ந்துதான் போகும். பானெட்டைத் தூக்கி வச்சுக்கிட்டு ஓரத்துல ஒரு வண்டியாவது நிக்கும். பக்கத்துல ஒருத்தர் பாட்டில் தண்ணியோட நிப்பார்.

பைபாஸ்ல நல்லா ஓடின வண்டி ஊருக்குள்ள ஏன் ஹீட் ஆகுது? பெரும்பாலான கார்ல வாட்டர் பம்ப் இன்ஜினோட பெல்ட்லதான் சுத்துது. இன்ஜின் வேகமா ஓடினா பம்ப்பும் வேகமா கூலன்ட்டைத் தள்ளும், எதிர்க்காத்தும் ரேடியேட்டரை ஆத்தும். ஊர்ந்து போறப்போ ரெண்டும் குறைஞ்சிடும், ஏ.சி. சூடு வேற சேரும். நல்ல பம்ப்பும் ரேடியேட்டர் ஃபேனும் இருந்தா சமாளிச்சிடும். தேய்ஞ்ச பம்ப் அங்கதான் மாட்டிக்கும்.

பம்ப்புக்குள்ள பெருசா ஒண்ணும் இல்லை. தண்ணியைத் தள்ற இம்பெல்லர், அதைத் தாங்கற ஷாஃப்ட், பேரிங், கூலன்ட் பேரிங் பக்கம் போகாம தடுக்கற ஒரு சீல். அந்த சீலை நனைச்சு வழவழப்பா வச்சிருக்கறதே கூலன்ட்தான். துரு பிடிக்காம இருக்கற மருந்தும் அதுலேயே இருக்கு.

அதனால அக்கா அடிச்சுச் சொல்றேன்: ரேடியேட்டர்ல போர் தண்ணி ஊத்தற பழக்கத்தை விடு. வெந்நீர் வைக்கிற பாத்திரத்தோட அடியில வெள்ளையா படியுதே, அதே உப்புதான் இன்ஜினுக்குள்ளயும் படியும். ரேடியேட்டரோட சின்னச் சின்னக் குழாயை அடைக்கும், சீலோட முகத்தைத் தேய்ச்சுப் பள்ளமாக்கும், இரும்பு இம்பெல்லரைத் துரு தின்னும். "தண்ணிதானே, எதுவா இருந்தா என்ன"ன்னு சொல்ற மெக்கானிக் கிட்ட வண்டியை விடாதே. கலந்தே வர்ற கூலன்ட் வாங்கினா அப்படியே ஊத்தலாம். கெட்டியா வர்றதுன்னா டிமினரலைஸ்டு வாட்டரோட பாதிக்குப் பாதி கலக்கணும். எந்த வகைன்னு மேனுவல்ல போட்டிருக்கும். கலரை மட்டும் பார்த்து வாங்காதே. ரெண்டு வகை கலந்தா சிலது கூழ் மாதிரி திரிஞ்சிடும். ஆபத்துக்கு கேன் தண்ணி ஊத்தினா தப்பில்லை. ஊர் போய்ச் சேர்ந்ததும் வடிச்சுட்டு முறைப்படி கூலன்ட் நிரப்பிடு.

பம்ப் பெரும்பாலும் சொல்லாம சாகாது. காலையில இன்ஜின் ஆறி இருக்கறப்போ பானெட்டைத் திற. ரிசர்வ் டேங்க்ல மட்டம் மின்னுக்கும் மேக்ஸுக்கும் நடுவுல இருக்கணும். ஊத்த ஊத்தக் குறைஞ்சா எங்கேயோ லீக் இருக்கு. அப்புறம் செல்போன் டார்ச் அடிச்சு பம்ப்போட அடிப்பக்கத்தைப் பாரு. ஷாஃப்ட்டுக்குக் கீழே ஒரு சின்ன ஓட்டை இருக்கும். சீல் கசிய ஆரம்பிச்சா பேரிங் பக்கம் போகாம வெளியே வரணும்னு கம்பெனியே விட்ட ஓட்டை அது. அதைச் சுத்தி பச்சையாவோ ரோஸாவோ வெள்ளையாவோ காய்ஞ்ச லேசான கறை மட்டும்னா கண்ணு வச்சுக்க. ஈரமா சொட்டினா பம்ப்பை மாத்தற நேரம் வந்தாச்சு. ஓட்டையை எம்-சீல் வச்சு அடைக்கவே கூடாது. அடைச்சா அந்தக் கசிவு நேரா பேரிங்குக்குள்ள போகும்.

வண்டி நிறுத்தின இடத்துல தரையையும் பாரு. ஏ.சி. தண்ணி நிறமில்லாம, வாசனையில்லாம இருக்கும். கூலன்ட்னா விரல்ல வழுக்கும், நிறமா இருக்கும். தொட்டா கையைக் கழுவிடு. ஆக்சிலரேட்டர் கொடுக்கக் கொடுக்க பெல்ட் பக்கம் கீச்சுன்னோ கரகரன்னோ சத்தம் ஏறினா பேரிங்கைச் சந்தேகப்படு. இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துட்டு, கைக்கு எட்டினா பம்ப் புல்லியைப் பிடிச்சு ஆட்டிப் பாரு. ஆட்டம் இருக்கக் கூடாது.

சில பம்ப்ல இம்பெல்லர் பிளாஸ்டிக். அது உடைஞ்சாலோ ஷாஃப்ட்ல வழுக்கினாலோ வெளியே ஒரு சொட்டும் தெரியாது. டேஷ்போர்டுல டெம்பரேச்சர் முள் ஏறும், ஹீட்டரைப் போட்டா குளிர்ந்த காத்து வரும். கூலன்ட் நிறைய இருந்தும் இப்படி ஆனா கூலன்ட் உள்ளே சுத்தலைன்னு அர்த்தம். தெர்மோஸ்டாட்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லு. புது கார் சிலதுல முள்ளே கிடையாது, சிவப்பு விளக்கு மட்டும்தான். அது எரிஞ்சா "இன்னும் அரை கிலோமீட்டர்தானே"ன்னு போகாதே. சூட்டுல சிலிண்டர் ஹெட் வளைஞ்சா பம்ப் விலையைப் போலப் பல மடங்கு செலவு.

வழியில முள் ஏற ஆரம்பிச்சா ஏ.சி.யை நிறுத்து, ஹீட்டரை முழுச் சூட்டுல வை. வேர்க்கும், ஆனா இன்ஜின் சூட்டை அது கொஞ்சம் வெளியே இழுக்கும். அப்படியும் இறங்கலைன்னா ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்து. அரை மணி நேரமாவது ஆறட்டும். சூட்டுல ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே திறக்காதே. அந்த மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடிச்சு வைக்கிறதாலதான் 100 டிகிரி தாண்டியும் கூலன்ட் கொதிக்காம இருக்கு. திறந்த நொடியில பொங்கி முகத்துல அடிக்கும். மூடியோட ரப்பர் வெடிச்சிருந்தா உடனே மாத்து. சின்னப் பொருள்னு நினைக்காதே, நம்ம சென்னை சுந்தரம் ஃபாஸனர்ஸ் அமெரிக்காவோட ஜெனரல் மோட்டார்ஸுக்கே ரேடியேட்டர் மூடி செஞ்சு அனுப்பின கம்பெனி.

மெக்கானிக்கிட்ட ஒரு கேள்வி கட்டாயம் கேளு: "என் வண்டியில பம்ப் எந்த பெல்ட்ல ஓடுது?" டைமிங் பெல்ட்னா, அந்த பெல்ட் மாத்தறப்பவே பம்ப்பையும் மாத்திடு. பிரிக்கிற கூலி ஒண்ணுதான். அந்த மாதிரி வண்டியில பம்ப் ஜாம் ஆனா பெல்ட் அறுந்து வால்வும் பிஸ்டனும் மோதற அபாயமும் இருக்கு. புது பம்ப் போட்டதும் உள்ளே காத்து நிக்காம ஏர் எடுக்கச் சொல்லு. கழட்டின பழைய பம்ப்பைக் கையில வாங்கிப் பாரு. இம்பெல்லர் துருவேறி அரிச்சுப் போயிருந்தா, புதுசு போட்டா மட்டும் போதாது. சிஸ்டம் முழுக்க ஃப்ளஷ் பண்ணணும்.

எலெக்ட்ரிக் கார்தானேன்னு நிம்மதியா இருக்காதே. நெக்ஸான் ஈ.வி. மாதிரி வண்டியில பேட்டரியை ஆத்தறதும் கூலன்ட்தான், அதைச் சுத்த விடவும் பம்ப் இருக்கு.

வடிச்ச பழைய கூலன்ட்டைத் தெருவுலயோ சாக்கடையிலயோ ஊத்த விடாதே. அதுல இருக்கற எத்திலீன் கிளைகால் இனிக்கும், ஆனா விஷம். தெரு நாயும் பூனையும் நக்கிடும், குழந்தைங்க கை வச்சிடும். மூடியுள்ள கேன்ல பிடிச்சு, கழிவு ஆயில் எடுக்கிற ஷெட்ல வாங்கிக்குவாங்களான்னு கேட்டுக் கொடுத்துடு.