விழும் நீர்த்துளியைப் படம் பிடிப்பது எங்ஙனம்?

மழை ஓய்ந்தபின் கூரைத் தகரத்தின் ஓரத்திலிருந்து சொட்டும் நீரை நீங்கள் பலமுறை கண்டிருப்பீர்கள். பால்மரம் சீவிய உங்கள் பாட்டன் பாட்டிமாரோ, மங்கில் துளித்துளியாய் விழும் பாலைப் பார்த்தே வாழ்நாளைக் கழித்தவர்கள். அவ்வாறு விழும் துளியின் வடிவம் யாது? இவ்வினாவுக்கு விடை தெரியும் என எண்ணிக்கொண்டிருந்தவர்களுள் நானும் ஒருவன்.

ஒரு நாள் அறிவியல் பாடத்தில் நீரின் சுழற்சியைப் படமாக வரையச் சொன்னேன். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி மழைத்துளிகளைச் சிறு உருண்டைகளாக வரைந்திருந்தாள். துளி என்றால் மேலே கூர்மையும் கீழே பருமனும் இருத்தல் வேண்டும் என்று கூறி, அவளது ஏட்டில் சிவப்பு மையால் திருத்தினேன். "ஐயா, நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?" என்று அவள் பணிவுடன் கேட்டாள். நான் பார்த்ததில்லை, படப் புத்தகங்களில் கண்டதுதான். ஆகவே, புகைப்படக் கருவியைக் கொண்டே இதற்கு முடிவு காண்போம் என்று வகுப்பாருக்கு வாக்களித்தேன். அது எவ்வளவு கடினமான வாக்கு என்பதை அப்போது நான் அறியவில்லை.

நெகிழிப் புட்டி ஒன்றின் அடிப்பகுதியை வெட்டி, அதனைக் கவிழ்த்துக் கட்டி, மூடியில் ஊசித் துளையிட்டு நீர் ஊற்றினோம். வினாடிக்கு ஒரு துளி வீதம் கீழிருந்த தட்டில் விழுந்தது. சன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்தோம். படத்தில் துளி நீண்டு, ஒரு கோடுபோல் இருந்தது. "பார்த்தீர்களா!" என்று மகிழ்ந்தேன். பின்வரிசை மாணவன் ஒருவன் படத்தினுள் தெரிந்த அளவுகோலைச் சுட்டிக்காட்டி, "ஐயா, துளியின் நீளம் இரண்டு சென்டிமீட்டரா?" என்றான்.

அவன் கேட்டது நியாயமே. 20 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு சாண் தூரம் விழுந்த துளி, வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தை அடைந்துவிடுகிறது. எங்கள் கருவியின் மூடி வினாடியின் நூறில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தது. அந்நேரத்தில் துளி 2 சென்டிமீட்டர் ஓடிவிடும். நாங்கள் கண்டது துளியை அன்று. துளி சென்ற வழியை.

எனவே சன்னல்களை மூடி அறையை மங்கலாக்கி, மின்னொளி விளக்கை மிகக் குறைந்த ஆற்றலில் ஒளிரச் செய்தோம். இத்தகைய விளக்கில் ஒளியைக் குறைத்தால் அது ஒளிரும் நேரமும் குறையும். வினாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கும் குறைக்கலாம். அதற்குள் துளி நகர்வது 0.2 மில்லிமீட்டர்தான். இழுபட்ட கோடு மறைந்தது. ஆயினும் துளி இருந்த இடத்தில் ஒரு மங்கிய வட்டமே தெரிந்தது. பின்சுவரில் தொங்கிய வரைபடமோ எழுத்துக்கு எழுத்துத் தெளிவாக விழுந்திருந்தது! கருவியில் உள்ள, தானாகவே தெளிவு காணும் பொறி, கண்ணிமைப்பதற்குள் ஓடி மறையும் துளியை விட்டுவிட்டு, அசையாத சுவரைப் பற்றிக்கொண்டது. நாற்பது படங்கள் இவ்வாறே வீணாயின. வட்டம் தெரிகிறதே, நீயே வென்றாய் என்று மற்றவர்கள் அம்மாணவியிடம் கூறினர். அவள் ஒப்பவில்லை. "தெளிவில்லாமல் எடுத்தால் எல்லாப் புள்ளியும் வட்டமாகத்தானே தெரியும்?" என்றாள். உண்மைதான். வேகத்தால் வந்த மங்கல் என் பக்கம் பொய்ச்சாட்சி கூறியது. தெளிவு பிசகிய மங்கல் அவள் பக்கம் பொய்ச்சாட்சி கூறியது. இவ்விரண்டையும் பிரித்தறிய வழி உண்டு. முன்னதில் துளியின் மேலும் கீழும் மட்டுமே கலங்கியிருக்கும். பின்னதில் விளிம்பு முழுவதும் கலங்கியிருக்கும்.

விழும் துளியின்மீது நேரே தெளிவை நிறுத்த முயல்வது வீண் வேலை. துளி வரப்போகும் இடத்தில் முன்கூட்டியே தெளிவை நிறுத்திவிட்டுக் காத்திருத்தல் வேண்டும். அந்த இடத்தை மயிரிழை பிசகாமல் அறிவது எப்படி? கொத்தனார் சுவரின் நேர்மை பார்க்கும் தூக்குக் குண்டுதான் எங்களுக்குக் கைகொடுத்தது. புட்டியின் துளையிலிருந்து மெல்லிய நூல் ஒன்றைத் தொங்கவிட்டு, அதன் முனையில் ஒரு திருகாணியைக் கட்டினோம். அந்நூல் நிற்கும் கோடே துளி விழும் கோடு. துளையிலிருந்து 20 சென்டிமீட்டர் கீழே, செய்தித்தாளிலிருந்து நகத்தளவு வெட்டிய துண்டை நூலில் ஒட்டினோம். தானியங்கும் பொறியை நிறுத்திவிட்டு, அச்செழுத்துகள் கூர்மையாகத் தெரியும்வரை வில்லையைக் கையாலேயே திருகினோம். பின்னர் நூலை அகற்றினோம். முக்காலியையும் வில்லையையும் அதன்பின் ஒருவரும் தொடக் கூடாது. மின்விசிறியையும் நிறுத்திவிட வேண்டும். அதன் காற்றில் துளி தன் கோட்டைவிட்டு விலகுவதை நாங்கள் சற்றுத் தாமதமாகவே கண்டுபிடித்தோம்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்பீர்கள். மிக நெருங்கி எடுக்கும்போது, தெளிவு நிற்கும் ஆழம் மிகவும் குறைந்துவிடும். பழைய 35 மில்லிமீட்டர் படச்சுருளில் துளி தன் அளவிற் பாதியாகப் பதியும்படி நெருங்கினால், ஒளித்துளையின் எண் 8-இல் இருக்கும்போது அவ்வாழம் 3 மில்லிமீட்டர்கூட இல்லை. துளியின் குறுக்களவே ஏறக்குறைய 5 மில்லிமீட்டர். ஒளித்துளையை 16 என்னும் எண்ணுக்குச் சுருக்கினால் ஆழம் ஏறக்குறைய இருமடங்காகும். துளி முழுதும் அதனுள் அடங்கும். கைபேசியில் எடுப்போர், திரையில் தெரியும் அத்தாள் துண்டின்மேல் விரலைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால், பல கைபேசிகளில் தெளிவு அவ்விடத்திலேயே பூட்டப்பட்டு நிற்கும்.

மற்றொரு பொறியும் உண்டு. துளியே ஒரு வில்லை ஆதலின், தொலைவில் பின்புறம் நிறுத்திய படம் வரைந்த அட்டை அதில் தலைகீழாகத் தோன்றும். அத்தலைகீழ் உருவம் துளியின் உள்ளே இருப்பதுபோல் தோன்றினும், உண்மையில் துளிக்குச் சற்று முன்னே, நம்மை நோக்கிய பக்கத்தில் நிற்கிறது. அதன் அழகில் மயங்கி அதற்குத் தெளிவை வைத்தால் துளியின் விளிம்பு கலங்கிவிடும். எங்களுக்கு வேண்டியது விளிம்பே.

துளி துளையைவிட்டு அறுந்ததைக் கண்டவுடன் விசையை அழுத்தினோம். துளி ஒரு சாண் விழ வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும். கண் கண்டு விரல் அசையவும் ஏறக்குறைய அவ்வளவே ஆகும். ஆதலின் சிலமுறை துளி வகையாக அகப்பட்டது. பலமுறை தட்டுதான் அகப்பட்டது.

நல்ல படங்களில் துளி உருண்டையாக இருந்தது. சிலவற்றில் சற்று நீண்டும், சிலவற்றில் சற்றுத் தட்டையாயும் இருந்தது. அறுந்த துளி சிறிது நேரம் அவ்வாறு அதிர்ந்துகொண்டே விழும். கூர்வால் மட்டும் இல்லை. தாள் துண்டைத் துளைக்கு மிக அருகில் ஒட்டி மீண்டும் எடுத்தபோது வால் இருந்தது! துளையை விட்டு அறும் கணத்தில் மட்டும் அது தோன்றி, உடனே நீரின் மேற்பரப்பு இழுவிசையால் உள்ளிழுக்கப்படுகிறது. மழைத்துளிகளிலும் சிறியன உருண்டையே. பெரியன காற்றின் எதிர்ப்பால் அடிப்புறம் தட்டையாகும்.

இங்கிலாந்தில் ஆர்தர் மேசன் வொர்திங்டன் என்னும் பேராசிரியர், மின்பொறியின் ஒளியில் ஒரு கணம் தோன்றும் துளிச் சிதறலைக் கண்ணால் கண்டு, பல்லாண்டுகள் கையால் வரைந்துவந்தார். அவர் வரைந்தவை நாற்புறமும் ஒத்த மலர்போல் அமைந்தன. 1894-ஆம் ஆண்டளவில் புகைப்படமாக எடுத்துப் பார்த்தபோதுதான் சிதறல்கள் பெரும்பாலும் ஒழுங்கற்றவை எனக் கண்டார். தம் மனம் ஒழுங்கானவற்றையே தேடிச் சென்றதை அவர் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். அதைப் படித்தபோது எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

வாலுள்ள படமும் வாலில்லாத படமும் இப்போது அறிவியல் அறையில் அருகருகே ஒட்டப்பட்டுள்ளன. அம்மாணவியின் ஏட்டில் என் சிவப்பு மை அப்படியே இருக்கிறது. அதன் கீழே, "ஆசிரியரின் திருத்தம் தவறு" என நீல மையால் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன்.