வேடந்தாங்கல் ஏரி நடத்தும் பாடம்

மதகு, கலிங்கு, வரத்துக்கால் என்று சிவில் பாடத்தில் படிக்கிறோம். இவை உயிர்களைக் காப்பதைப் பார்க்க, செங்கல்பட்டு மாவட்ட வேடந்தாங்கலுக்குப் போங்க நண்பர்களே!

அங்கே ஏரிக்குள்ளேயே மரங்கள். சுற்றிலும் தண்ணீர் நிற்பதால் பூனையும் நரியும் கூட்டை நெருங்குவது கஷ்டம். நத்தைக்குத்தி நாரையும் கூழைக்கடாவும் அந்தத் தைரியத்தில் குஞ்சு பொரிக்கின்றன. எச்சத்தில் தழைச்சத்து உண்டு. அது கரைந்த தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் பாய்கிறது, காசில்லாத உரம்! சட்டம் வருமுன்பே ஊர்க்காரர்கள் பறவைகளைக் காத்தார்கள். 1936-இல் சரணாலயமாகி, 2022-இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது.

எங்க ஊர் ஏரியில் வரத்துக்கால் தூர்ந்துபோச்சு. தண்ணீரும் இல்லை, பறவையும் இல்லை. வேலி மட்டும் சரணாலயத்தைக் காக்காது. வரத்துக்காலும் காக்கப்பட வேண்டும். நாளை லெவல் எடுக்கப் போகிற நாம் இதை மறக்கலாமா?