ராஜினாமா கடிதம் எழுதும் முன்

கேள்வி: ஆம்பூர் ஷூ கம்பெனியில் 8 வருடமாக அப்பர் தைக்கிறேன். ஆர்டர் குறைந்து, ஓவர்டைமும் நின்றுவிட்டது. வேறு வேலை தேடலாமா?
– ஒரு வாசகி, ஜோலார்பேட்டை

பதில்: தாராளமாகத் தேடுங்கள் அம்மா. ஆனால் அடுத்த வேலை கைக்கு வரும்வரை இதை விடாதீர்கள். 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்கா போட்ட 50 சதவீத வரி, தோல் ஏற்றுமதி முழுவதையுமே உலுக்கியது.

முதலில் பி.எஃப். கம்பெனி மாறியதும் பலர் மொத்தப் பணத்தையும் எடுத்துவிடுகிறார்கள். பார்க்கவே வேதனையாக இருக்கிறது. பென்ஷன் திட்டத்தில் 10 வருட சர்வீஸ் சேர்ந்தால்தான் 58 வயதில் மாதப் பென்ஷன் வரும். உங்களுக்கு இன்னும் இரண்டே வருடம்! அதே யு.ஏ.என். எண்ணைப் புதுக் கம்பெனியில் கொடுத்துப் பழைய கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். ஆதாரிலும் பி.எஃப். கணக்கிலும் பெயர், பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இனிஷியல் மாறியிருந்தாலே இழுபறிதான். 5 வருடம் தாண்டியதால் கிராஜுவிட்டியும் உங்கள் உரிமை: வருடத்துக்கு 15 நாள் சம்பளம். சர்வீஸ் சர்டிஃபிகேட்டையும் கேட்டு வாங்குங்கள்.

இன்டர்வியூவில் வெறுமனே "டெய்லர்" என்று சொல்லி நிறுத்தாதீர்கள். போஸ்ட் பெட் மெஷினில் வளைவு பிசகாமல் இரட்டைத் தையல், ஸ்கைவிங், லைனிங் என்று தெரிந்ததையெல்லாம் தனித்தனியாகச் சொல்லுங்கள். பர்ஸ், பை செய்யும் யூனிட்டுகளுக்கும் இந்தக் கை வேண்டும். செய்யாறு சிப்காட்டில் ஸ்போர்ட்ஸ் ஷூ வேலை உண்டு. ஆனால் ஜோலார்பேட்டையிலிருந்து தினமும் போய்வரும் தூரமில்லை, தங்குமிடம் தருவார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.