பந்தும் பரோட்டாவும்

பெங்களூரில் அல்சூர் ஏரிக்குக் கொஞ்ச தூரத்தில் மர்பி டவுன் இருக்கிறது. தமிழ் பேசும் மக்கள் நிறைய வாழும் இடம். பக்கத்திலேயே கௌதமபுரம். கௌதமபுரத்துக்குக் 'குட்டி பிரேசில்' என்று பட்டப்பெயர். பிரேசில் வீரர் பெலேக்கு அங்கே சிலை இருக்கிறது. அவ்வளவு கால்பந்துப் பைத்தியம்!

இந்த ஆட்டம் இங்கே எப்படி வந்தது? கண்டோன்மென்டில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஆடினார்கள். உள்ளூர்ப் பையன்கள் பார்த்தார்கள். பிறகு அவர்களும் வெறுங்காலோடு ஆடினார்கள். 1948இல் லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியா பிரான்சோடு மோதியது. இந்திய வீரர்களில் பெரும்பாலோர் பூட்ஸ் போடவில்லை. பிரான்ஸ் 2 கோல், இந்தியா 1 கோல். அந்த ஒரு கோலைப் போட்டவர் பெங்களூர்க்காரர் சாரங்கபாணி ராமன். இந்தியா அன்று இரண்டு பெனால்டிகளைத் தவறவிட்டது. இல்லாவிட்டால் கதையே வேறு.

ஆடுகிறவர்களை விடப் பார்க்கிறவர்கள் எப்போதும் அதிகம். உலகக் கோப்பை பல முறை இந்தியாவின் நடு இரவில்தான் நடக்கும். 2014 ஜூலை 9. இரவு மணி ஒன்றரை. பிரேசிலும் ஜெர்மனியும் ஆடின. 29 நிமிடத்துக்குள் ஜெர்மனி 5 கோல் போட்டுவிட்டது. முடிவில் 7-1. பிரேசில் ரசிகர்களுக்கு அது சாவு வீடு மாதிரி.

இப்படிப்பட்ட இரவில் பேச்சு எங்கெங்கோ போகும்.

"இன்னாண்ணா, அஞ்சு கோலா! நெஞ்செல்லாம் எரியுது."

"கோலால இல்லடா தம்பி. பன்னண்டு மணிக்கு நாலு பரோட்டா தின்னியே, அதால."

"வெறும் கேஸ்ணா. ஒரு சோடா குடிச்சா சரியாப் போயிடும்."

இந்தச் சோடாதான் ஆபத்து. பல தடவை அது வெறும் வாயுவாக இருக்கலாம். சில தடவை அது மாரடைப்பு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். சோடா குடித்துக் காத்திருக்கும் நேரத்தில் இதயத்தின் தசை செத்துக்கொண்டிருக்கும்.

ஆட்டம் பார்த்தால் மாரடைப்பு வருமா? 2006இல் ஜெர்மனியில் உலகக் கோப்பை நடந்தது. மியூனிக் பகுதி மருத்துவர்கள் கணக்கெடுத்தார்கள். ஜெர்மனி அணி ஆடிய நாட்களில், அவசர இதயக் கோளாறு மற்ற நாட்களை விட இரண்டரை மடங்குக்கு மேல் இருந்தது. ஆண்களில் மூன்று மடங்குக்கு மேல்! ஆட்டம் தொடங்கிய முதல் 2 மணி நேரத்தில்தான் அதிகம். ஏற்கனவே இதய நோய் உள்ளவர்களே அதிகம் பாதிக்கப்பட்டார்கள்.

காரணம் இதுதான். பதற்றத்தில் இதயம் வேகமாக அடிக்கும். ரத்த அழுத்தம் ஏறும். ரத்தக் குழாயில் பல வருடமாகக் கொழுப்பு படிந்திருந்தால் அது வெடிக்கலாம். அந்த இடத்தில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். பந்து ஒரு சாக்குதான். கொழுப்பைச் சேர்த்தது வேறு: பீடி, சிகரெட், சாராயம், தூக்கக் குறைவு, டால்டாவில் போட்ட மைதா பரோட்டா, திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய், உப்பு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பு போதும். அதாவது ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், சிப்ஸில் உள்ளதும் இதில் சேரும்.

பிரியாணியை அடியோடு விட வேண்டாம். அதை நடு ராத்திரியில், தினமும், வயிறு முட்டத் தின்னக் கூடாது. பெங்களூரில் கேழ்வரகுக் களிக்குப் பஞ்சமா? மைதாவை விட அது மெதுவாகச் செரிக்கும். பசியும் தாங்கும்.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தூக்கிக்கொண்டு ஓடுகிற அப்பா, தன் ரத்த அழுத்தத்தை ஒரு தடவைகூடப் பார்த்திருக்க மாட்டார். பெலே எத்தனை கோல் போட்டார் என்று மட்டும் கேட்டவுடன் சொல்வார். அரசு சுகாதார நிலையத்தில் இதைச் சும்மாவே பார்ப்பார்கள். ஐந்து நிமிட வேலை. 140க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவர் சொல்வதைக் கேட்க வேண்டும். அந்த நோய் வலிக்காது, அதனால்தான் தெரிவதில்லை.

நெஞ்சில் பாரம் வைத்தது போல் அழுத்துகிறதா? வலி இடது கைக்கோ தாடைக்கோ போகிறதா? குளிர்ந்து வியர்க்கிறதா? மூச்சு வாங்குகிறதா? இதில் ஏதாவது இருந்தால் உடனே 108க்குப் போன் செய்ய வேண்டும். அவரை நடக்க விடக் கூடாது. வண்டி ஓட்ட விடக் கூடாது. போனில் ஏரியா பெயரையும் பக்கத்து அடையாளத்தையும் சொல்ல வேண்டும். கௌதமபுரத்தில் பெலே சிலை என்றால் எவருக்கும் தெரியும். மர்பி டவுனில் சந்துகள் குறுகல். அதனால் ஒருவர் ஓடிப்போய் மெயின் ரோட்டில் நின்று ஆம்புலன்ஸுக்குக் கைகாட்ட வேண்டும்.