எத்தனையாவது ஆளாக இறங்குவது?

முதல்தரக் கிரிக்கெட்டில் சுப்பிரமணியம் பத்ரிநாத் 10,000 ரன்களுக்கு மேல் குவித்தார். சராசரி 54. இந்தியாவுக்காக அவருக்குக் கிடைத்த டெஸ்டுகள் இரண்டே இரண்டு. அதே தமிழ்நாடு அணியில் அவருக்குப் பின் வந்த முரளி விஜய் 61 டெஸ்ட் ஆடி 12 சதம் அடித்தார். திறமையில் இருவருக்கும் இடையே இத்தனை தூரம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. பத்ரிநாத் நடுவரிசைக்காரர். அவர் ரன்களை அள்ளிக்கொண்டிருந்த ஆண்டுகளில் இந்திய நடுவரிசையில் டெண்டுல்கர், டிராவிட், லட்சுமண், கங்குலி என்று நாற்காலி எல்லாம் நிறைந்திருந்தது. விஜய் தொடக்க ஆட்டக்காரர். 2008 நவம்பரில் தொடக்க ஆட்டக்காரர் கம்பீருக்கு ஒரு டெஸ்ட் தடை விழுந்தது. நாக்பூரில் அந்த ஓர் இடம் காலியானது, விஜய் உள்ளே போனார்.

பிள்ளையைக் கிரிக்கெட்டில் விடும் பெற்றோர் நல்ல கோச் யார், எந்த அகாடமி, எந்த மட்டை என்று பத்துப் பேரிடம் விசாரிக்கிறார்கள். எத்தனையாவது ஆளாக இறங்குவது என்பதை மட்டும் அணித் தலைவரின் அன்றைய வசதிக்கு விட்டுவிடுகிறார்கள். ஒரு மட்டையாளர் எந்த மாதிரிப் பந்தைச் சந்தித்து வளர்கிறார், எத்தனை பந்து சந்திக்கிறார், தேர்வாளர் கண்ணில் எந்தக் காலி இடத்துக்கு எதிரே அவர் பெயர் நிற்கிறது என்பதெல்லாம் இந்த ஒரு விஷயத்தில் அடங்கியிருக்கிறது. தொடக்கம், ஒன் டவுன் என்கிற மூன்றாவது இடம், நடுவரிசை, கடைசி ஓவர்களை ஆடி முடிக்கும் ஃபினிஷர் என்று நான்கு வழிகள். நான்கும் வெவ்வேறு வேலைகள்.

தொடக்க இடம்

சிவப்புப் பந்தில் முதல் பதினைந்து இருபது ஓவர் பந்து பளபளப்பாக இருக்கும், தையல் தூக்கலாக நிற்கும், ஸ்லிப்பில் மூன்று பேர் காத்திருப்பார்கள். அந்த நேரத்தில் ரன் எடுக்கத் தெரிவதைவிட எந்தப் பந்தை விடுவது என்று தெரிவது பெரிய வித்தை. 2014இல் டிரெண்ட் பிரிட்ஜில் விஜய் எடுத்த 146 ரன்னைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஆஃப் ஸ்டம்ப் எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, அதற்கு வெளியே போனதை எல்லாம் தொடாமல் விட்டார். இங்கிலாந்தின் டியூக்ஸ் பந்து கையால் தைக்கப்படுவது, நெடுநேரம் ஸ்விங் ஆகும். ஆஸ்திரேலியாவின் கூக்கபுராவில் தையல் சீக்கிரம் படிந்துவிடும், ஆனால் அதுவரை வேகமும் எழும்பலும் கடுமையாக இருக்கும். சர்வதேச மட்டத்தில் தொடக்க ஆட்டக்காரர் இந்த இரண்டுக்கும் தயாராக இருக்க வேண்டும்.

ஆபத்து வெளிப்படையானது. ஒரே ஒரு நல்ல பந்து, அன்றைய நாள் முடிந்தது. ஆனால் இந்த இடத்தின் லாபத்தைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. பள்ளி அளவில் நடக்கும் முப்பது ஓவர் ஆட்டத்தில் ஆறாவதாக இறங்க வேண்டிய பையன் காலில் பேட் கட்டி உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரு பந்துகூட ஆடாமல் வீட்டுக்குப் போகிறான். தொடக்கம் ஆடுகிறவன் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஆடுகிறான். பதின்மூன்று வயதில் இதைவிடப் பெரிய சொத்து கிடையாது.

வெள்ளைப் பந்தில் கணக்கு தலைகீழ். ஒருநாள் ஆட்டத்தின் முதல் பத்து ஓவரிலும் டி20யின் முதல் ஆறு ஓவரிலும் வட்டத்துக்கு வெளியே இரண்டு பேர்தான் நிற்கலாம். அங்கே தொடக்க இடம் அடித்து ஆடுகிறவருக்கு வரம். 1994 மார்ச்சில் ஆக்லாந்தில் சித்துவுக்குக் கழுத்துப் பிடித்துக்கொள்ள, டெண்டுல்கர் தொடக்கம் ஆடி 49 பந்தில் 82 எடுத்தார். அதுவரை ஒருநாள் ஆட்டத்தில் ஒரு சதமும் அடிக்காதவர், கடைசியில் அடித்த 49 ஒருநாள் சதங்களில் 45 தொடக்க ஆட்டக்காரராக வந்தவை. அதே டெண்டுல்கர் டெஸ்டில் பெரும்பாலும் நான்காம் இடத்திலேயே ஆடினார். ஒருவருக்கு ஒரே இடம்தான் என்று எந்தச் சட்டமும் இல்லை. இரண்டு பந்துக்கும் தனித்தனியாக முடிவெடுக்கலாம்.

மாறியவர்களும் மறுத்தவரும்

நடுவரிசையில் இடமில்லை, தொடக்கத்தில் இருக்கிறது என்றால் மாறலாமா? இந்த வழிகாட்டியில் மிகவும் கஷ்டமான கேள்வி இதுதான்.

சேவாக் 2001இல் புளூம்ஃபோன்டெய்னில் ஆறாவதாக இறங்கி அறிமுக டெஸ்டிலேயே சதம் அடித்தவர். 2002இல் இங்கிலாந்தில் அவரைத் தொடக்கத்துக்கு அனுப்பினார்கள். லார்ட்ஸில் 84, டிரெண்ட் பிரிட்ஜில் 106. பிறகு முல்தானில் 309, சேப்பாக்கத்தில் 319. ரோஹித் சர்மா 2013இல் கொல்கத்தாவில் ஆறாவதாக வந்து 177 எடுத்து டெஸ்ட் வாழ்க்கையைத் தொடங்கினார். ஆனாலும் அடுத்த ஆறு ஆண்டுகள் உள்ளேயும் வெளியேயுமாக இருந்தார். 27 டெஸ்டில் மூன்றே சதம். 2019 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் தொடக்கம் கொடுத்தார்கள். இரண்டு இன்னிங்ஸிலும் சதம், அந்தத் தொடரின் கடைசி டெஸ்டில் 212. ஒரே தொடரில் அவர் அடித்தது, முன்பு ஆறு ஆண்டில் அடித்த சதங்களுக்குச் சமம்.

இந்த இரண்டு பெயரை வைத்துக்கொண்டு எல்லாப் பையன்களையும் புதுப் பந்துக்கு முன்னால் தள்ளுகிறவர்கள் லட்சுமணையும் பார்க்க வேண்டும். அவரையும் தொடக்க ஆட்டக்காரராக ஆட வைத்தார்கள். 2000 ஜனவரியில் சிட்னியில் 167 அடித்தார். அப்படி ஓர் ஆட்டம் ஆடிய பிறகும், இந்த இடம் எனக்கு ஒத்துவரவில்லை, இனி நடுவரிசையில்தான் ஆடுவேன் என்று அவர் முடிவெடுத்தார். இந்திய அணியில் இடம் போகலாம் என்று தெரிந்தே எடுத்த முடிவு. 1999-2000 ரஞ்சிப் பருவத்தில் ஐதராபாத்துக்காக 1,415 ரன் குவித்தார். 2001 மார்ச்சில் ஈடன் கார்டனில், ஃபாலோ ஆன் வாங்கிய அணிக்காக 281 வந்தது.

சமீபத்தில் ஸ்டீவ் ஸ்மித். 2024 ஜனவரியில் வார்னர் விலகியதும் ஆஸ்திரேலியாவுக்குத் தொடக்கம் ஆடினார். நான்கு டெஸ்ட் கழித்து, ஒத்துவரவில்லை என்று தெரிந்ததும், அந்த ஆண்டு முடிவில் இந்தியாவுக்கு எதிராக நான்காம் இடத்துக்குத் திரும்பினார். பிரிஸ்பேனில் ஒரு சதம், மெல்போர்னில் இன்னொன்று.

மாறலாமா என்பதற்கு ஸ்கோர்புத்தகத்தில் பதில் இருக்கிறது. பையன் நடுவரிசையில் எப்படி ஆட்டமிழக்கிறான் என்று ஒரு பருவம் முழுக்கக் குறித்து வையுங்கள். காத்திருந்து காத்திருந்து உள்ளே போய், சுழல் பந்தில் ரன் வராமல் தூக்கி அடித்து அவுட் ஆகிறான் என்றால், வேகப் பந்து மட்டைக்கு வருவதை விரும்புகிறவன் அவன். தொடக்கம் அவனுக்குப் பொருந்தும். மாறாக, தொடக்கம் ஆடி முதல் இருபது பந்துக்குள் திரும்பத் திரும்ப விக்கெட் கீப்பரிடமும் ஸ்லிப்பிலும் பிடி கொடுக்கிறான், தாண்டிவிட்ட நாள்களில் மட்டும் பெரிய ஸ்கோர் எடுக்கிறான் என்றால் அவனை நான்குக்கோ ஐந்துக்கோ இறக்கிப் பாருங்கள். ஒரு பருவமாவது பொறுக்க வேண்டும். இரண்டு ஆட்டத்தில் முடிவெடுக்கிற கோச்சைக் கேள்வி கேளுங்கள்.

ஒன் டவுன்

ஆட்டத்தின் இரண்டாவது பந்திலும் இறங்க வேண்டியிருக்கும், மதிய உணவுக்குப் பிறகும் இறங்க வேண்டியிருக்கும். 2006இல் கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக இலங்கை 14 ரன்னுக்கு இரண்டு விக்கெட்டை இழந்திருந்தது. ஒன் டவுனில் வந்த சங்ககாராவும் நான்காவதாக வந்த மகேலாவும் சேர்ந்து 624 ரன் எடுத்தார்கள். அந்த இடத்தின் வேலை அதுதான்: சரிவில் தொடக்க ஆட்டக்காரராகவும், நல்ல தொடக்கம் கிடைத்த நாளில் நடுவரிசைக்காரராகவும் ஆடத் தெரிய வேண்டும். டிராவிட் டெஸ்டில் 31,000 பந்துக்கு மேல் சந்தித்தார். 2017இல் ராஞ்சியில் புஜாரா ஒரே இன்னிங்ஸில் 525 பந்து ஆடினார். இவர்களைப் பொறுமைசாலிகள் என்று சொல்லிக் கடந்துபோவது எனக்குப் பிடிப்பதில்லை. அந்தப் பொறுமைக்கு அடியில் எல்லாவிதப் பந்துக்கும் பதில் வைத்திருக்கும் உத்தி இருந்தது. 2025 மகளிர் உலகக் கோப்பை அரையிறுதியில் ஜெமிமா ரோட்ரிக்ஸை மூன்றாவதாக அனுப்பினார்கள். ஆஸ்திரேலியாவின் 338 ரன்னைத் துரத்தி, 127 எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார்.

எந்த இடம் என்று இன்னும் தெரியாத பிள்ளைக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

நடுவரிசை

எல்லோரும் விரும்பும் இடம். அதனால்தான் நெரிசல். பந்து பழசாகியிருக்கும், சுழல் வந்திருக்கும், ஃபீல்டர்கள் பரவியிருப்பார்கள் என்று இதை எளிதாக நினைக்கிறார்கள். சர்வதேச ஆட்டத்தில் ரிவர்ஸ் ஸ்விங் இங்கேதான் வரும். 80 ஓவர் முடிந்ததும் இரண்டாவது புதுப் பந்தும் இவர்கள் தலையில்தான். ஐந்து, ஆறில் ஆடுகிறவர் பந்துவீச்சாளர்களை மறுமுனையில் வைத்துக்கொண்டு ரன் எடுக்கப் பழக வேண்டும். 2010இல் மொகாலியில் முதுகுவலியோடு நின்ற லட்சுமண், 73 எடுத்து ஆட்டமிழக்காமல், இஷாந்த் சர்மாவைத் துணைக்கு வைத்து ஆஸ்திரேலியாவை ஒரு விக்கெட் வித்தியாசத்தில் வென்றுகொடுத்தார். ஓவரின் எந்தப் பந்தில் ஒரு ரன் எடுப்பது, எதில் மறுப்பது என்ற கணக்கு நெட்ஸில் வராது. ஆட்டத்தில்தான் வரும்.

சுழலை நன்றாக ஆடுகிறவன், காத்திருந்தாலும் மனம் தளராதவன், ஓடி ஓடி ரன் சேர்ப்பதில் சலிக்காதவன் இங்கே வரலாம். பத்ரிநாத்தின் கதையைத் தெரிந்துகொண்டு வர வேண்டும்.

ஃபினிஷர்

ஐ.பி.எல். பார்த்து வளரும் பிள்ளைகள் முதலில் கேட்பது இந்த இடத்தைத்தான். என் பதில்: இளவயதில் இதைத் தேர்ந்தெடுக்கவே கூடாது.

தோனியை எடுத்துக்கொள்ளுங்கள். 2005இல் அவர் பேர் வாங்கிய இரண்டு ஆட்டங்களிலும், விசாகப்பட்டினத்தில் 148, ஜெய்ப்பூரில் 183, மூன்றாவதாகத்தான் இறங்கினார். நீண்ட இன்னிங்ஸ் கட்டத் தெரிந்தவர்தான் பிறகு கடைசி ஓவர்களை அளந்து ஆடினார். தினேஷ் கார்த்திக் 2018இல் கொழும்பில் வங்கதேசத்துக்கு எதிராக எட்டே பந்தில் 29 எடுத்து, கடைசிப் பந்தில் சிக்சர் அடித்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 2007இல் இங்கிலாந்து மண்ணில் அவர் டெஸ்ட் தொடக்கம் ஆடி, அந்தத் தொடரில் இந்தியாவின் அதிக ரன் எடுத்தவராக இருந்ததும் ஞாபகத்தில் இருக்க வேண்டும். டியூக்ஸ் புதுப் பந்தைச் சமாளித்த கைகள்தான் அந்தச் சிக்சரை அடித்தன.

மைக்கேல் பெவன் ஒருநாள் ஆட்டத்தில் 53 சராசரியோடு ஆஸ்திரேலியாவுக்கு எத்தனையோ ஆட்டங்களை முடித்துக்கொடுத்தவர். டெஸ்டில் அவர் சராசரி 29. பதினெட்டு டெஸ்டோடு நின்றது. ஒருநாள் ஆட்டமே போதும் என்று முடிவெடுத்த பெரியவருக்கு அது சரி. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு கதவை அப்போதே சாத்திவிடுவது நியாயமில்லை. ஏழாவதாக வந்து பத்துப் பந்து ஆடிப் பழகியவனுக்கு நூறு பந்து ஆடச் சொல்லிக்கொடுப்பது மிகக் கடினம். நூறு பந்து ஆடத் தெரிந்தவன் பத்துப் பந்து ஆட்டத்தைப் பின்னால் கற்றுக்கொள்ளலாம்.

என் முடிவு

பத்தொன்பது வயது வரை பொதுவாகச் சிவப்புப் பந்தில் முதல் மூன்று இடங்களுக்குள் ஆடட்டும். டென்னிஸ் பந்திலும் மேட்டிங் விக்கெட்டிலும் மட்டுமே வளர்ந்த பையனுக்கு இது இன்னும் அவசியம், ஏனென்றால் டர்ஃபில் எழும்பி அசையும் புதுப் பந்தை அவன் பார்த்திருக்கவே மாட்டான். வெள்ளைப் பந்தில் எந்த இடம் கொடுத்தாலும் ஆடட்டும், ஏழாவது இடத்தைத் தவிர. பத்தொன்பதுக்குப் பிறகு ஸ்கோர்புத்தகத்தையும் மாநில அணியின் காலி இடங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மாறுவதா நிற்பதா என்று அவனே தீர்மானிக்கட்டும். ஒத்துவரவில்லை என்று அவன் சொன்னால், லட்சுமண் சொன்னதைக் கேட்டது போல அவன் சொல்வதையும் கேளுங்கள்.

அடுத்த லீக் பருவம் தொடங்கும் முன் உங்கள் பிள்ளையின் கோச்சிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: போன பருவத்தில் இவன் மொத்தம் எத்தனை பந்து ஆடினான்? ரன் கணக்கை அப்புறம் பார்க்கலாம். பந்துக் கணக்கு குறைவாக இருந்தால், அதிகப் பந்து ஆடக் கிடைக்கும் இடத்தையோ அணியையோ இப்போதே தேடுங்கள்.