வெளிநாட்டு நிதியுதவி யாருக்கு? ஒரு வகுப்பறைச் செயல்பாடு

‘வளர்ந்த நாடுகள் வளரும் நாடுகளுக்கு நிதியுதவி அளிக்கின்றன’ என்ற வரியைப் படித்ததும் மாணவர்கள் கேட்கும் கேள்வி, “எந்த நாட்டுக்குக் கொடுப்பது என்று எப்படி முடிவு செய்வார்கள்?” என்பதுதான். பத்தாம் வகுப்பில் இதை விளக்க, அமெரிக்க அரசு 2004இல் தொடங்கிய மில்லினியம் சேலஞ்ச் கார்ப்பரேஷன் என்ற அமைப்பை எடுத்துக்கொண்டேன். இது அளிப்பது கடன் அன்று. திருப்பிச் செலுத்த வேண்டாத மானியம்.

தேர்வு முறையைக் கரும்பலகையில் படிப்படியாக எழுதினேன்.

1. வருமான அடிப்படையில் நாடுகள் பிரிக்கப்படும்.
2. நல்லாட்சி, மக்கள் நலனுக்கான முதலீடு, பொருளாதாரச் சுதந்திரம் ஆகிய தலைப்புகளில் 20 குறியீடுகள் கொண்ட மதிப்பெண் அட்டை தயாராகும்.
3. பாதிக் குறியீடுகளிலாவது தேர்ச்சி வேண்டும். ஊழல் கட்டுப்பாட்டில் தேர்ச்சி கட்டாயம். அரசியல் உரிமை, குடிமை உரிமை ஆகியவற்றுள் ஒன்றிலும் தேர்ச்சி பெற வேண்டும்.
4. தகுதியுள்ள நாடுகளிலிருந்து நிர்வாகக் குழு தேர்ந்தெடுக்கும். அந்த நாடு முன்வைக்கும் திட்டம் ஆராயப்பட்டு, ஐந்தாண்டு ஒப்பந்தம் கையெழுத்தாகும்.

தடுப்பூசி போடும் விகிதமும், ஏழை நாடுகளில் தொடக்கக் கல்வியை முடிக்கும் சிறுமியரின் விகிதமும் இக்குறியீடுகளில் அடங்கும் என்றதும் வகுப்பில் ஆர்வம் கூடியது.

பெரும்பாலான குறியீடுகளில் தேர்ச்சி பெற, தம் பிரிவின் இடைநிலை அளவைத் தாண்ட வேண்டும். இதைப் புரியவைக்க, ஐந்து குழுக்களை ஐந்து கற்பனை நாடுகளாக்கி, சிறுமியர் கல்வி விகிதமாக 42, 55, 61, 70, 88 என்ற எண்களைக் கொடுத்தேன். இடைநிலை அளவு 61. எனவே தேர்ச்சி பெற்றவை இரண்டு நாடுகளே. பிறகு எல்லா எண்களிலும் 5 கூட்டச் சொன்னேன். இடைநிலை அளவு 66 ஆனது. தேர்ச்சி பெற்றவை அதே இரண்டுதான். “முன்னேறியும் தோல்வியா?” என்று கேட்டது 60 பெற்ற குழு. கணக்குப் பாடத்தின் இடைநிலை அளவு அவர்களுக்கு அன்று நன்றாகப் பிடிபட்டது.

அடுத்து மடகாஸ்கர். இந்த அமைப்புடன் 2005இல் முதல் ஒப்பந்தம் செய்த நாடு அது. நில உரிமை, நிதிச் சேவை, வேளாண் தொழில் ஆகியவற்றுக்கான திட்டம். 2009இல் அங்கு அரசியலமைப்புக்குப் புறம்பாக ஆட்சி மாறியதால் ஒப்பந்தம் முடித்துக்கொள்ளப்பட்டது. “ஆட்சியாளர் செய்ததற்கு உழவர்கள் ஏன் இழக்க வேண்டும்?” என்றனர் சிலர். “நிபந்தனை இல்லாவிட்டால் பணம் மக்களைச் சேருமா?” என்றனர் மற்றவர்கள். நான் தீர்ப்புச் சொல்லவில்லை. இரு தரப்பின் காரணங்களையும் பலகையில் எழுதவைத்தேன்.

மதிப்பீட்டுக்கு ஒரு கேள்வி: ‘நிதி வழங்கும் குழுவில் நீ இருந்தால் எந்த மூன்று குறியீடுகளைக் கட்டாயமாக்குவாய்? ஏன்?’ விடைக்கு அல்ல, காரணத்துக்கே மதிப்பெண் கொடுங்கள். இதற்கு இரண்டு பாடவேளைகள் போதும்.