மின்னோட்டமின்றி முலாமிடல்

ஓர் உலோகத்தின்மேல் மற்றோர் உலோகத்தைப் போர்வையாகப் படிவித்தலை முலாமிடல் என்கின்றோம். மின்முலாமிடலை மேல்வகுப்பு மாணவர் அறிவர். நிக்கல் உப்புக் கரைசலிலே பொருளை எதிர்மின்வாயாகத் தொங்கவிட்டு மின்னோட்டத்தைச் செலுத்த, நிக்கல் அதன்மேற் படியும். ஆயின் மின்னோட்டம் எவ்விடத்தும் ஒரே அளவாய்ப் பாய்வதில்லை. விளிம்பையும் முனையையும் அது நாடிச் செல்லும். குழாயின் உட்புறத்தையும் ஆழ்ந்த துளையையும் எளிதில் எட்டாது. எனவே மேடு தடிக்க, பள்ளம் மெலியும். துரு முந்திப் பற்றுவதும் அம்மெலிந்த இடத்தையேயாம்.

இக்குறைக்கு மருந்து எதிர்பாராத வகையிலே கிடைத்தது. ஐக்கிய அமெரிக்காவின் தேசிய நியமங்கள் பணியகத்தில் ஏபினர் பிரென்னர், கிரேசு இரிடெல் என்னும் இருவர் குழாய்களின் உட்புறத்துக்கு மின்னால் முலாமிட முயன்றனர். கரைசலிலே வேண்டாத ஒட்சியேற்றத்தைத் தடுக்கச் சோடியம் ஐப்போபொசுபைற்றைச் சேர்த்தனர். அப்போது, செலுத்திய மின்னுக்குரிய அளவினும் மிகுதியான உலோகம் படிந்தது. அம்மிகுதி எங்கிருந்து வந்தது? ஒரு பகுதி மின்னின்றியே படிகின்றது எனக் கண்டு, 1946 இல் அதனை வெளியிட்டனர்.

இதன் இயல்பை நோக்குவாம். ஐப்போபொசுபைற்று ஒரு தாழ்த்துங்கருவி. மின்கலம் கொடுக்கவேண்டிய இலத்திரன்களை அதுவே நிக்கல் அயன்களுக்குக் கொடுக்கின்றது. படிந்த நிக்கலே ஊக்கியாகி மேலும் நிக்கலைப் படிவிக்கின்றது. கூடவே பொசுபரசும் படிதலால், கிடைப்பது தனி நிக்கலன்று, நிக்கல்–பொசுபரசுக் கலப்புலோகமாம். ஏறத்தாழ 90 பாகை செல்சியசு வெப்பநிலையில், ஒரு மணி நேரத்தில் மில்லிமீற்றரின் 100 இலொரு பங்கு முதல் 50 இலொரு பங்கு வரை முலாம் ஏறும். கரைசல் தொடுமிடமெல்லாம் ஒரே தடிப்பாய் ஏறுதலே இதன் சிறப்பு.

பொசுபரசு நூற்றுக்குப் பத்துக்கு மேற்படின், முலாம் காந்தத்தன்மையற்று அரிப்பை நன்கு தாங்கும். கணினியின் காந்தத் தட்டுக்கள் பலவற்றில் அலுமினியத்தின்மேல் இம்முலாமே இடப்படுகின்றது. 400 பாகையில் ஒரு மணி நேரம் சூடாக்கின் வன்மை பெரிதும் ஏறும்; ஆயின் அரிப்பைத் தாங்கும் ஆற்றல் குறையும். எது வேண்டுமென்பதைத் தொழிலாளன் முன்னரே துணிதல் வேண்டும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. மின்முலாமிடலிலே ஆளியைத் திறந்தால் வினை நிற்கும். இங்கோ அத்தகைய ஆளி இல்லை. சூடு மிகினும் தூசு விழினும், கரைசல் முழுவதும் ஒருங்கே சிதைந்து கரும்பொடியாய் விழுந்துவிடும். பயன்பட்டுத் தீர்ந்த கரைசலிலும் நிக்கல் எஞ்சியிருக்கும். அது நச்சுத்தன்மை உடையது. நிலத்தில் ஊற்றினால் நீரைக் கெடுக்கும். எனவே இத்தொழிலைத் தொடங்க விரும்புவோர், முலாமிடும் தொட்டியை அமைக்குமுன் கழிவை அகற்றும் வழியை அமைத்தல் கடனாம்.